பாவாடை கட்டிய கல் ராணி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடைக்காலத்தில், மதுரைப் புது மண்டபத்துத் தூணில் நிற்கிற நாயக்க ராஜாவின் ராணிக்குத் தொடையை உடைத்தவன் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை, சோறு இறங்காமல், தூக்கம் வராமல், மூத்திரம் போகப் பயந்து நம்பினேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் இடத்தில் சிரிப்பு வரும், அங்கே சிரிக்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஒருவன் சிரித்தாகிவிட்டது.

நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டிக்காட்டுப் பையனுக்கு மதுரைக் கோயிலைப் பற்றி என்னவெல்லாம் சொல்லி வளர்த்தார்கள்? கல் யானை கரும்பு தின்றது. கல் தூணைத் தட்டினால் பாட்டு வரும். யாளியின் வாய்க்குள் கல் உருண்டை உருளும், ஆனால் வெளியே விழாது. இப்படிக் கல்லெல்லாம் தின்று, பாடி, உருண்டுகொண்டிருக்கிற ஊரில் ஒரு கல் ராணிக்குத் தொடையில் அடிபட்டால் ரத்தம் வராது என்று எந்த மடையனாவது நினைப்பானா? நான் கெட்டிக்காரன். வரும் என்றே நினைத்தேன்.

எங்களுக்குப் பேரையூர்ப் பக்கம். மழை வந்தால் பருத்தி, வராவிட்டால் வெறும் கரிசல். அப்பா காட்டைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு மதுரைக்குப் போய்த் தையல் கற்றுக்கொண்டார். பல வருஷம் யார் யார் கடையிலோ காஜா எடுத்து, பித்தான் கட்டி, அந்தத் தை மாதத்தில்தான் புது மண்டபத்தில் தனக்கென்று ஓர் இடம் பிடித்திருந்தார். இடம் என்றால் ஒரு மெஷின், ஒரு முக்காலி, துணி வெட்ட ஒரு பலகை, அவ்வளவுதான். பக்கத்து மெஷின் பாய்தான் கோயில் மணியக்காரரிடம் நல்ல வார்த்தை சொல்லி வாங்கிக் கொடுத்தவர். மண்டபத்தில் யார் உட்காரலாம், யார் எழுந்து போகலாம் என்பதெல்லாம் மணியக்காரர் கையில் இருந்தது.

சித்திரை கடைசியில் என்னை அழைத்துப் போனார். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே ஜட்காவிலிருந்து இறங்கி மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் பட்டது வாசனைதான். மெஷின் எண்ணெய், புதுத் துணிக் கஞ்சி, புளி போட்டுத் தேய்த்த பித்தளை, மேலே எங்கோ வௌவால். வெளியே சட்டியில் வறுக்கிற வெயில், உள்ளே பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி. நடுவில் அகலமான நடை. அதற்கு இருபுறமும் தூண்களில் ராஜாக்கள் கைகூப்பி நிற்பார்கள். கூடவே அவரவர் ராணிகள். சாமி வந்து கோடையில் காற்று வாங்கத்தான் இந்த மண்டபத்தை ராஜா கட்டினாராம். சுற்றிலும் ஓடுகிற கல் வாய்க்காலில் தண்ணீர் நிரப்பிவிட்டால் உள்ளே சிலுசிலுவென்று இருக்கும் என்றார் பாய். சாமிக்குப் போக மீதி நாளெல்லாம் எங்களைப் போன்ற தையல்காரர்கள், பாத்திரக்காரர்கள், வளையல்காரர்கள் காற்று வாங்கினோம்.

அப்பா என்னை முக்காலியில் உட்கார வைத்து முதலில் சொன்னது இது:

"இந்தா பாரு. இங்கன இருக்க ஒவ்வொரு கல்லும் ராஜா வச்சது. தொடாத, சாயாத, எச்சி துப்பாத. ஒரு கல்லுக்குச் சேதம்னாலும் மெஷினோட நம்மளத் தூக்கி ரோட்டுல போட்ருவாய்ங்க."

"எம்புட்டுச் சின்னக் கல்லுன்னாலுமாப்பா?"

"எம்புட்டுச் சின்னக் கல்லுன்னாலும்."

இதைச் சொல்லிவிட்டு, தைத்த துணிகளைத் தொங்கவிடுகிற கயிற்றை ராஜாவின் கழுத்தில் இறுக்கிக் கட்டினார். அந்தக் கயிற்றில் பாவாடைகள், ரவிக்கைகள், அழகர் வேஷம் கட்டுகிறவர்கள் வாங்கி மிச்சமான அரைக்கால் சல்லடங்கள், சரிகைக் குல்லாய்கள். ராஜாவும் ராணிகளும் அதற்குப் பின்னால் மறைந்தே போனார்கள். அப்பா நிமிர்ந்து பார்க்கிற மனிதரும் இல்லை. தைக்கும்போது ஊசியைப் பார்ப்பார், பேசும்போது எதிராளியின் காலைப் பார்ப்பார். தை முதல் வைகாசி வரை அந்தத் தூணுக்கு மூன்று முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தும் அதில் இருக்கிற ராணியின் முகம் வட்டமா நீளமா என்று அவருக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது இது தெரிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

வைகாசி வசந்த விழாவுக்குச் சாமி வரப்போகிறது, நடுத் தூண்களில் கட்டியிருக்கிற கயிறுகளை எல்லாம் அவிழ்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவிழ்த்தார்கள். துணியெல்லாம் மூட்டைக்குப் போனது. வாய்க்காலைக் கழுவித் தண்ணீர் விட்டார்கள். பழைய தூசும் ஈரக் கல்லும் கலந்த வாசனையில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மத்தியான வேளை. பாய் தொழப் போயிருந்தார். அப்பா துணி மூட்டையில் தலை வைத்துக் கண்ணயர்ந்திருந்தார். ராஜாவின் கொண்டை மேல் ஒரு மாடப்புறா வந்து உட்கார்ந்தது.

என் இடுப்பில் உண்டிவில் இருந்தது. ஊரில் வேலிமேல் ஓணானை அடித்துப் பேர் வாங்கியவன் நான். கை தானாகப் போயிற்று. இழுத்தேன், விட்டேன். புறா பறந்தது. எங்கோ 'டக்' என்றது. அதற்கப்புறம் தரையில் 'களுக்' என்று ஏதோ சில்லு விழுந்த சத்தம்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். ராஜாவுக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற ராணியின் தொடையில், கையளவுக்குக் கல் பெயர்ந்து பள்ளமாக இருந்தது.

ஐயா, அப்போது எனக்குள் நடந்ததைச் சொல்ல வார்த்தை கிடையாது. ஆனாலும் கொஞ்சம் சொல்கிறேன். காது அடைத்தது. உண்டிவில்லை வாய்க்கால் தண்ணீரில் போட்டேன், அது மிதந்தது. கொலைகாரனின் கத்தியாவது மூழ்கியிருக்கும். எடுத்து, ஒரு சல்லடத்துக்குள் சுருட்டி, மூட்டைக்கு அடியில் திணித்தேன். அந்தச் சல்லடத்தோடு அதுவும் யாருக்கோ விற்பனையாகிவிட்டது. அழகர் வேஷத்தில் ஆடிய எந்த மனிதர் அதைக் கண்டெடுத்துத் திகைத்தாரோ!

இரவில் மண்டபத்திலேயே மெஷின் பக்கத்தில்தான் படுப்போம். மறுநாள் விடிந்ததும் ராணியின் காலடியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. உள்ளுக்குள் கட்டியிருக்கும், நாளைக்கு வரும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் என் சாதிக் குற்றவாளிகளின் வேலைதான். மூக்கு இல்லாத துவாரபாலகர், விரல் போன நாட்டியக்காரி, வால் முறிந்த யாளி, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் உண்டிவில்லோடு ஒரு பையன் ஒளிந்திருப்பதாகத் தெரிந்தது. மண்டபத்துக்குக் கிழக்கே, அடித்தளமும் ஒற்றைக் கல்லில் செதுக்கிய நிலைத்தூண்களும் மட்டும் நிற்க, மேலே ஒன்றுமே இல்லாத இராய கோபுரம் இருக்கிறதல்லவா? ராஜாவின் ஆயுசு முடிந்ததால் அது பாதியில் நின்றுபோயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும், அது முழுசாக இருந்து எவனோ ஒரு பையன் அடித்துத் தள்ளிவிட்டான் என்று தோன்றியது. அவன் கெட்டிக்காரன், அகப்படவில்லை என்று பொறாமைப்பட்டேன்.

பள்ளத்தை மூடிவிட்டால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. சாப்பாட்டுக் கிளப்பிலிருந்து வந்த சோற்றைக் கொஞ்சம் ஒளித்து, பிசைந்து, சாம்பல் கலந்து ராணியின் தொடையில் அப்பினேன். கல் நிறம் அச்சாக வந்திருந்தது. சிற்பி தோற்றான் போங்கள். சாயங்காலத்துக்குள் எறும்புகள் வந்துவிட்டன. ராணியின் பாதத்தில் ஆரம்பித்து முழங்கால் வழியாகத் தொடை வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. தையல்காரர் கண்ணுக்கு நேர்கோடு தப்புமா? ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். எறும்போடு எறும்பாகப் பார்வையை மேலே கொண்டு போனார். எழுந்து வந்து சோற்றை விரலால் தோண்டினார். பள்ளம் தெரிந்தது.

"என்னடா இது?"

நான் அழ ஆரம்பித்தேன். அழுகைக்கு நடுவே புறா, உண்டிவில், சில்லு எல்லாம் வெளியே வந்தன. அடிப்பார் என்று கன்னத்தைக் கூடத் தயாராகக் கொடுத்தேன். அவர் அடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். என் முகத்தில் இருந்த அதே பயம், கொஞ்சம் பெரிய அளவில் தைத்த மாதிரி, அங்கே இருந்தது.

"யாரும் பாத்தாய்ங்களா?"

"இல்லப்பா."

"பாய் பாத்தாரா?"

"இல்லப்பா."

"வாயத் தொறக்காத. நான் பாத்துக்கிறேன்."

இங்கேதான் ஒரு பெரிய மனிதர் செய்யக்கூடிய சின்னக் காரியம் ஒன்று பாக்கி இருந்தது. பக்கத்து மெஷினில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிற பாயிடம், "இந்தச் சிலை முந்தி எப்படி இருந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இடம் வாங்கிக் கொடுத்தவருக்குத் தலைகுனிவு வருமே என்று பயந்தார். அதற்குப் பதிலாக மூட்டையைப் பிரித்து, இருப்பதிலேயே நல்ல சிவப்புத் துணியை எடுத்தார். ராணியின் இடுப்பை அளவெடுத்தார். மனிதப் பெண்ணுக்கு அளவெடுக்கும்போது எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ அப்படியே திருப்பிக்கொண்டு எடுத்தார். உட்கார்ந்து பாவாடை தைத்தார்.

பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "என்ன தம்பி, நேர்த்திக்கடனா?" என்றார்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

பாய் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அது சாமி சமாச்சாரம், அடுத்தவர் வேண்டுதலைத் துருவக்கூடாது என்பது அவருடைய மரியாதை. கேட்காததோடு நிற்காமல், தன் பெட்டியிலிருந்து ஒரு சாண் அகலச் சரிகை எடுத்துக் கொடுத்து, "ஓரத்துக்கு இத வச்சுத் தைங்க. வெறும் செவப்பா இருந்தா எடுப்பா இருக்காது" என்றார். இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒரு காரியத்தைக் கெடுத்த நேர்த்தியை நான் அதற்கப்புறம் எங்கேயும் பார்த்ததில்லை.

ராணி பாவாடை கட்டிக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தம் என்றால் பொருத்தம். கொசுவம் எல்லாம் பிசகாமல் விழுந்திருந்தது. மண்டபத்துக் கடைக்காரர்கள் பார்த்தார்கள். ஊர்ப்புறத்து ஆள் ஏதோ வேண்டுதல் செலுத்துகிறான் என்று போய்விட்டார்கள். அப்பாவும் நானும் மூச்சு விட்டோம்.

அடுத்த நாள் காலையில் பாவாடை விளிம்பில் சிவப்பாக வழிந்திருந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. ரத்தம்! வந்தேவிட்டது! அப்பாவை எழுப்பக் கூடத் திராணியில்லாமல் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் வந்து தொட்டு முகர்ந்தார். குங்குமம்.

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வளையல் விற்கிற அம்மா ஒருத்தி மண்டபத்தில் வந்து இளைப்பாறுவாள். அவள் வேலைதான். துணி கட்டிய கல்லைக் கும்பிடாமல் போகிற பெண்பிள்ளை நம் பக்கத்தில் உண்டா? பொட்டு வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தாள்.

"அண்ணே, இந்த ஆத்தா எதுக்குண்ணே விசேஷம்?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவன் சொன்னால் பொய் பெரிதாகத்தான் வரும். "புள்ள வரம்" என்று சொல்லிவிட்டார்.

"அடி ஆத்தீ! என் மருமகளுக்கு எட்டு வருசமா இல்லண்ணே."

அவ்வளவுதான். அன்றைக்கு வளையல்காரம்மாவும் மருமகளும் தேங்காயோடு வந்தார்கள். அதற்கடுத்த நாள் மருமகளின் தெருவே வந்தது. எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றினார்கள். ராணியின் கையில் வளையல் ஏறியது. யாரோ சின்னத் தொட்டில் கட்டினார்கள். பக்கத்தில் கைகூப்பி நின்ற ராஜாவை ஒருத்தரும் சட்டை செய்யவில்லை. அப்பா மெஷினை மிதிக்க முடியாமல் கூட்டத்துக்கு வழி விட்டுக்கொண்டு, வேர்த்து வேர்த்து நின்றார். "போதும்மா, போதும்மா" என்பார். அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஆத்தாளுக்குச் சக்தி ஏறியது.

சாமி வருகிற நாளில், ஏற்பாடுகளைப் பார்க்க மணியக்காரர் வந்தார். நல்ல உயரம், கழுத்தில் மடித்துப் போட்ட துண்டு, கூடவே ஆட்கள். நேராக எங்கள் தூணுக்கு எதிரே வந்து நின்றார்.

"யாருய்யா ராணிக்குப் பாவாட கட்டினது?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் அப்பாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முக்காலி உருள எழுந்து ஓடிப்போய் மணியக்காரரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயா, மன்னிக்கணும். நான்தாங்கய்யா ஒடச்சேன். மெசின நகத்தயில இடிச்சிருச்சு. வேணும்னு செய்யல. ஊருல காடு கெடக்கு, அத வித்தாவது சரி பண்ணித் தாரேன். எடத்த மட்டும் பறிச்சிராதிய. பய சின்னப்பய, அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

மணியக்காரருக்குப் புரியவில்லை. "எத ஒடச்ச?"

"ராணியம்மா தொடைய."

மணியக்காரர் பாவாடையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி தொடையைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். துண்டு நழுவிக் கீழே விழுந்ததைக் கூட எடுக்காமல் சிரித்தார்.

"யோவ்! இது எங்க பூட்டனுக்குப் பூட்டன் காலத்துக் காயம்யா! இதயா நீ இடிச்ச? மெசினால?"

மண்டபம் முழுக்கத் திரண்டுவிட்டது. ஆளாளுக்குச் சொன்னார்கள். இந்த ராணி தஞ்சாவூர்க்காரி. ராஜா ஆசை ஆசையாக மகால் கட்டிக் காட்டினபோது, "எங்கப்பா வீட்டுக் குதிரை லாயம் இந்த மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். ராஜா கோபத்தில் குத்துவாளை வீச, தொடையில் பட்டது. அதை அப்படியே சிலையிலும் வைத்தார்கள் என்றார் மணியக்காரர். எதிர்வரிசைப் பாத்திரக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. செதுக்கும்போது உளி பட்டுத் தொடையில் சில்லு தெறித்ததாம். ராணிக்கு நிஜமாகவே அந்த இடத்தில் மச்சம் இருக்கிறது, அப்படியே விடு என்று மந்திரி சொன்னாராம். மச்சம் உனக்கெப்படித் தெரியும் என்று ராஜா கொதித்தாராம்.

"கத்திதான்யா!"

"உளிதான் அண்ணே!"

"மெசினுங்க!" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். சிரிப்பு கூரைக் கல்லில் போய் முட்டியது.

"அப்ப நான் தஞ்சாவூர்க்காரியவா இம்புட்டு நாளாக் கும்புட்டேன்?" என்றாள் வளையல்காரம்மா. "ஏண்ணே, எம்மருமகளுக்குல்ல வேண்டிக்கிட்டேன்! தேங்காயத் திருப்பிக் குடுண்ணே!" மறுபடியும் சிரிப்பு.

"சரி சரி, சாமி வார நேரம். அவுத்துரு" என்றார் மணியக்காரர். கோபமே இல்லை. இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்பா எழுந்து போய்ப் பாவாடை நாடாவை அவிழ்த்தார். நன்றாக இறுக்கி முடிந்திருந்தார் போலிருக்கிறது; முடிச்சு வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் ராணியின் இடுப்பருகே குனிந்து பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தார். கூட்டம் அதற்கும் சிரித்தது.

நானும் சிரித்தேன். வெறும் உதட்டோரச் சிரிப்பு இல்லை. நான் உடைக்கவில்லை, நான் உடைக்கவில்லை என்று உடம்பெல்லாம் லேசாகி, தரையில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் விடச் சத்தமாக. என் குரல் எனக்கே தனியாகக் கேட்டது. பாய் என் காதைப் பிடித்துத் திருகினார். அந்தக் கூட்டத்தில் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். "ஏலே, நீ சிரிக்காதடா" என்றார். நான் நிறுத்துவதற்குள் அப்பா திரும்பிப் பார்த்துவிட்டார். வாயில் நாடா இருந்தது.

அதற்கப்புறம் மண்டபத்தில் அவருக்குப் 'பாவாடைக்காரர்' என்று பெயர் வந்தது. "பாவாடைக்காரரே, எங்க யாளிக்கு ஒரு நிஜார் தைங்க" என்று போகிறவர் வருகிறவர் கேட்டார்கள். நானாக இருந்தால் அதை வைத்தே வியாபாரத்தைப் பெருக்கியிருப்பேன். ராணிக்கே தைத்த கடை என்று பலகை மாட்டியிருப்பேன். அவர் நான் இல்லை. தலையைக் குனிந்து தைத்தார். தப்புத் தப்பாகத் தைத்தார்.

ஆனி பிறந்ததும் ஒருநாள் மெஷினைக் கழற்றிக் கட்ட ஆரம்பித்தார். பாய் எழுந்து வந்து பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்ன காரியம் பண்றீக? நாலு நாளைக்குச் சிரிப்பாய்ங்க, அப்பறம் வேற ஆளு கெடச்சிருவான். இதுக்காகவா எடத்த விடுறது?"

"அவய்ங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாய்ங்க, பாய்" என்றார் அப்பா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். மூட்டைக்குப் பின்னால் நான் இருந்தது அவருக்குத் தெரியாது. "பய சிரிச்சான்."

பாய் பலகையை விட்டுவிட்டார்.

ஊருக்குத் திரும்பினோம். அப்பா டி. கல்லுப்பட்டிச் சந்தையில் மரத்தடியில் மெஷினைப் போட்டு, கிழிந்த துணி தைத்துக்கொண்டு கடைசி வரை இருந்தார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஊர் சிரிக்கப் பேசுகிறவனாக வளர்ந்தேன். எங்கே போனாலும் என்னைச் சுற்றிக் கூட்டம் கூடும். அவர் இருக்கிற இடத்தில் மட்டும் எனக்கு எந்த வேடிக்கையும் வாயில் வராது.

நடந்தது இவ்வளவுதான். ராணியின் காயம் ராஜா காலத்தது. நான் எறிந்த கல் எங்கே பட்டது என்று தெரியாது. புது மண்டபத்திலிருந்து எங்களை யாரும் எழுப்பவில்லை. அப்பாவாகத்தான் எழுந்து வந்தார்.